கிழக்கு நோக்கிய இருக்கை: பண்டைச் சீனப் போர்நூல்கள் காட்டும் தலைமை

கி.மு. 260இல் வட சீனத்தின் ஜாவ் நாட்டு அரசருக்கு ஒரு தாய் மனு எழுதினார். தன் மகனைப் படைத்தலைவனாக அனுப்ப வேண்டாம் என்பதே அதன் சாரம். மகன் ஜாவ் குவோ போர்நூல்களைக் கரைத்துக் குடித்தவன். சிறு வயதிலிருந்தே போர்முறை பற்றிய வாதத்தில் அவனை மடக்க ஆளில்லை. சின் நாட்டுப் படையை முறியடித்துப் பெயர் பெற்ற தளபதியான அவன் தந்தை ஜாவ் ஷெயே பதில் சொல்ல முடியாமல் நின்றதுண்டு. ஆனாலும் தந்தை அவனை மெச்சவில்லை. காரணம் கேட்ட மனைவியிடம், போர் என்பது உயிர் போகிற இடம், இவனோ அதை மிக லேசாகப் பேசுகிறான், இவன் கையில் படையைக் கொடுத்தால் அதை அழிப்பவன் இவனாகவே இருப்பான் என்று சொல்லியிருந்தார்.

கணவர் இறந்துவிட்டிருந்தார். அரசர் அந்த அம்மையாரிடம் காரணம் கேட்டபோது, அவர் தாம் கண்ணால் கண்டதைச் சொன்னார். கணவர் தளபதியாக இருந்த காலத்தில் தம் கையாலேயே பரிமாறி உண்ண வைத்தவர்கள் பத்துக்கணக்கில் இருந்தார்கள். நண்பர்களாக நடத்தியவர்கள் நூற்றுக்கணக்கில். அரச குடும்பம் கொடுத்த பரிசுகளை அப்படியே அதிகாரிகளுக்கும் வீரர்களுக்கும் பிரித்துக் கொடுத்துவிடுவார். படைப்பொறுப்பு வந்த நாளிலிருந்து வீட்டுக் காரியங்களைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டார். மகனோ தளபதி ஆன மறுகணமே கிழக்கு நோக்கி அமர்ந்து அதிகாரிகளை வரவழைத்தான். அவர்களில் ஒருவருக்கும் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை. அரசர் கொடுத்த பொன்னையும் பட்டையும் வீட்டில் பூட்டிவைத்துவிட்டு, நல்ல விலைக்கு நிலமும் வீடும் எங்கே கிடைக்கும் என்று நாள்தோறும் பார்த்து வாங்கிக்கொண்டிருக்கிறான்.

அக்காலச் சீன இல்லங்களின் கூடத்தில் கிழக்கு நோக்கிய இருக்கையே மதிப்பு மிக்கது. கி.மு. 206இல் நடந்த புகழ்பெற்ற ஹொங்மென் விருந்தில் சியாங் யூ தனக்கென்று எடுத்துக்கொண்டதும் அதே இருக்கைதான். ஆக, அந்தத் தாயின் வாக்குமூலத்தில் வியூகம், ஆயுதம், நிலவமைப்பு பற்றி ஒரு சொல்கூட இல்லை. சோறு, பொன், இருக்கை, எதிரே நிற்பவர்களின் கண்கள் ஆகியவை மட்டுமே இருந்தன. அரசர் அதைக் கேட்டுவிட்டு, முடிவெடுத்தாகிவிட்டது என்றார். அப்படியானால் அவன் தோற்றால் குடும்பத்தைத் தண்டிக்கக் கூடாது என்று தாய் வேண்டினார். அரசர் ஒப்புக்கொண்டார்.

இந்தப் பேச்சுவார்த்தையை நமக்குச் சொல்பவர் ஹான் பேரரசின் வரலாற்றாசிரியர் சுமா சியென். நிகழ்ந்து ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு எழுதியவர் என்பதால், ஒவ்வொரு சொல்லும் அப்படியே பேசப்பட்டது என்று கொள்ள முடியாது. ஆனால் ஒரு தலைவனை எதைக் கொண்டு எடைபோட வேண்டும் என்று அந்த நாகரிகம் நினைத்ததோ, அது இந்த ஒரு காட்சியில் இருக்கிறது. பண்டைச் சீனப் போர்நூல்களைத் தந்திரங்களின் தொகுப்பாகவே உலகம் இன்று வாசிக்கிறது. அவற்றின் தலைமைப் பாடம் வேறிடத்தில் இருக்கிறது என்பது என் வாதம்: தலைவன் செய்யும் பிழைக்கு விலை கொடுப்பவர் யார், அவர்கள் சொல்வது அவன் காதுக்கு எட்டுகிறதா என்ற இரண்டு கேள்விகளில்.

ஜாவ் குவோ போன இடத்தின் பெயர் சாங்பிங், இன்றைய ஷான்சி மாகாணத்தின் காவ்பிங் பகுதி. சின் நாட்டிடம் சிக்கவிருந்த ஷாங்தாங் என்ற மலைப்பகுதி, கி.மு. 262இல் தன்னை ஜாவ் நாட்டிடம் ஒப்படைத்துக்கொண்டது. உழைக்காமல் வந்த நிலத்தை வாங்க வேண்டாம், வம்பையும் சேர்த்து வாங்குகிறோம் என்று அரசவையில் ஒருவர் எச்சரித்தும் ஜாவ் அரசர் சியாவ்செங் ஏற்றுக்கொண்டார். சின் படை வந்தது. மூத்த தளபதி லியென் போ ஆரம்ப மோதல்களில் இழப்பைக் கண்டதும், அரண் எழுப்பி உள்ளே அமர்ந்துவிட்டார். எதிரி எவ்வளவு சீண்டியும் வெளியே வரவில்லை. தொலைவிலிருந்து வந்த சின் படைக்குத் தானியம் கொண்டுவருவதே பெரும்பாடு. காலம் கடந்தால் அவர்கள்தான் களைப்பார்கள் என்பது அவர் கணக்கு.

அரசருக்கு அந்தப் பொறுமை இல்லை. போருக்குப் போகாத தளபதியைப் பலமுறை கடிந்துகொண்டார். இதை அறிந்த சின் நாட்டு முதலமைச்சர் ஃபான் ஜூ, ஆயிரம் பொன் செலவழித்து ஜாவ் தலைநகரில் ஒரு வதந்தியை உலவவிட்டார். சின் அஞ்சுவது ஜாவ் குவோ ஒருவனுக்கு மட்டுமே, லியென் போ எளிதில் மடங்கிவிடுவார் என்பது அந்த வதந்தி. அரசர் நம்பினார். நோயுற்றிருந்த மூத்த அமைச்சர் லின் சியாங்ரூ, ஜாவ் குவோவுக்குத் தந்தையின் நூல்களைப் படிக்கத்தான் தெரியும், சூழலுக்கேற்ப மாறத் தெரியாது என்று தடுத்துப் பார்த்தார். பலிக்கவில்லை.

புதிய தளபதி வந்ததும் பழைய ஏற்பாடுகளையெல்லாம் மாற்றினான், அதிகாரிகளையும் மாற்றினான். மறுபுறம் சின், தன் ஆகச் சிறந்த தளபதி பாய் சீயை ரகசியமாக அனுப்பியிருந்தது. அவர் வந்திருப்பதை வெளியே சொல்பவருக்கு மரண தண்டனை. பாய் சீ தோற்று ஓடுவதுபோல் பின்வாங்கினார். ஜாவ் குவோ துரத்திக்கொண்டு சின் அரண்வரை போனான். 25,000 வீரர்கள் அவன் பின்னால் புகுந்து திரும்பும் வழியை அடைத்தார்கள். 5,000 குதிரைவீரர்கள் ஜாவ் படையை இரண்டாகப் பிளந்தார்கள். தானியப் பாதை அறுந்தது. செய்தி கேட்ட சின் அரசர் தாமே எல்லைப்பகுதிக்கு வந்து, பதினைந்து வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் அனைவரையும் திரட்டி, ஜாவ் நாட்டிலிருந்து உதவி வரும் வழிகளை மூடினார். உள்ளே நாற்பத்தாறு நாட்கள் உணவில்லை. வீரர்கள் ஒருவரையொருவர் கொன்று தின்றார்கள் என்று சுமா சியென் எழுதுகிறார். கடைசியில் ஜாவ் குவோ தேர்ந்த வீரர்களோடு வெளியேற முயன்று அம்பு பட்டு இறந்தான். படை சரணடைந்தது. மிக இளையவர்கள் 240 பேரை மட்டும் ஊருக்கு அனுப்பிவிட்டு மற்ற அனைவரையும் பாய் சீ கொன்றார். நான்கு லட்சம் என்கிறது பழைய ஏடு. அந்த எண்ணை இன்றைய வரலாற்றாசிரியர்கள் பலர் ஏற்பதில்லை. ஆனால் படுகொலை நடந்ததில் ஐயமில்லை. 1995இல் காவ்பிங் அருகே யொங்லூ என்ற ஊரில் தோண்டிய ஒரு குழியிலேயே நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள் கிடைத்தன.

காகிதத்தில் போர் நடத்துபவன் என்ற சீனப் பழமொழி இன்றும் ஜாவ் குவோவின் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நாம் சொல்வதுபோல, குற்றம் ஏட்டின் மேல் விழுகிறது. இது ஏடுகளுக்குச் செய்யும் அநீதி. அவன் செய்த ஒவ்வொரு பிழையும் அந்த ஏடுகளில் பிழை என்றே எழுதப்பட்டிருந்தது. பின்வாங்கும் எதிரி நடிக்கிறானா என்று பார், துரத்தாதே என்று இருந்தது. தளபதியைக் கவிழ்க்கும் ஐந்து குணக்கேடுகளில் முதலாவது கண்மூடித்தனமான துணிவு என்று இருந்தது. களத்தை அறியாத அரசர் படைக்குள் கைவிட்டால் அந்தப் படை தன்னாலேயே அழியும் என்று இருந்தது.

அந்த ஏடுகளில் தலையானது சுன் சூவின் போர்க்கலை. 13 அதிகாரங்கள், ஒரே மூச்சில் படித்துவிடக்கூடிய சிறு நூல். வூ நாட்டு அரசர் ஹேலூவிடம் பணியாற்றிய சுன் வூ எழுதியது என்பது மரபு, அதாவது கி.மு. ஆறாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி. ஆனால் அக்காலப் போர்களை விரிவாகச் சொல்லும் சுவோ ஜுவான் என்ற பழைய வரலாற்று நூலில் சுன் வூ பெயரே வருவதில்லை. 12ஆம் நூற்றாண்டிலேயே யே ஷி என்ற அறிஞர் இதைச் சுட்டிக்காட்டி, அப்படி ஒருவர் இருந்தாரா என்று கேட்டார். நூலில் வரும் ஒரு லட்சம் வீரர் கொண்ட படைகளும் விசைவில்லும் பிந்தைய காலத்துக்கே பொருந்துகின்றன. நூல் கி.மு. ஐந்தாம், நான்காம் நூற்றாண்டுகளில் உருப்பெற்றிருக்க வேண்டும் என்ற கருத்து எனக்கும் ஏற்புடையது. ஏனென்றால், அந்த நூலின் கவலை அந்தக் காலத்தின் கவலை.

அதற்கு முந்தைய போர்கள் பிரபுக்களின் தேர்ப்போர்கள். அவற்றுக்கென்று ஒரு மரியாதை இருந்தது. கி.மு. 638இல் ஹொங் ஆற்றங்கரையில் சொங் நாட்டு அரசர், எதிரி ஆற்றைக் கடந்து அணிவகுக்கும்வரை தாக்க மறுத்தார். தொடையில் காயம்பட்டுத் தோற்று அடுத்த ஆண்டு இறந்தார். பின்னர் வந்த போரிடும் நாடுகளின் காலத்தில் உழவர்களைக் கட்டாயமாகத் திரட்டிய காலாட்படைகள் வந்தன. இரும்பும் விசைவில்லும் வந்தன. ஒரு போர் ஒரு நாட்டையே முடித்துவிடக்கூடியதாயிற்று. பிரபு விளையாடித் தோற்ற காலம் போய், உழவன் மகன் சாகிற காலம் வந்தது. தளபதி என்ற வேலை, பிறப்பால் வரும் உரிமையிலிருந்து பிரிந்து, தகுதி கேட்கும் தொழிலானது. தலைமையைப் பற்றி யோசிக்கும் தேவையே இங்கிருந்துதான் பிறக்கிறது.

1972இல் ஷான்டோங் மாகாணத்தின் லின்யி நகரில் யின்சுவேஷான் குன்றில் கட்டுமானப் பணியின்போது இரண்டு ஹான் காலக் கல்லறைகள் வெளிப்பட்டன. அவற்றில் கிடைத்த ஆயிரக்கணக்கான மூங்கில் சுவடிகளில் சுன் சூவின் நூல் இருந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகக் காணாமல் போயிருந்த, சுன் பின் என்ற இன்னொரு ஆசிரியரின் போர்நூலும் இருந்தது. சுன் சூவும் சுன் பின்னும் ஒருவரே என்று வாதிட்டுவந்தவர்களுக்கு அத்தோடு பதில் கிடைத்தது. எனக்கு அந்தக் கண்டுபிடிப்பில் மிக முக்கியமாகப் படுவது வேறொரு சிறு துண்டு. அதில் வூ அரசர் சுன் சூவிடம், ஜின் நாட்டை ஆளும் ஆறு குடிகளில் முதலில் அழியப்போவது எது என்று கேட்கிறார். கோட்டை எத்தனை, தேர் எத்தனை என்று சுன் சூ எண்ணவில்லை. ஒவ்வொரு குடியும் தன் உழவர்களுக்கு அளந்துவிடும் நிலத்தின் அளவைச் சொல்கிறார். ஃபான், ஜொங்ஹாங் குடிகள் 160 அடிவைப்பை ஒரு நிலமாகக் கணக்கிட்டு விளைச்சலில் ஐந்தில் ஒன்றை வரியாக எடுக்கிறார்கள். நிலம் சிறிது, வரி பெரிது, அதிகாரிகள் கொழுக்கிறார்கள், மேலிருப்போருக்குச் செருக்கு, கீழிருப்போருக்குப் போர்வெறி. இவர்கள் முதலில் அழிவார்கள். 240 அடிவைப்பு அளந்து வரி கேட்காத ஜாவ் குடி நிலைக்கும், ஜின் நாடு அதன் கைக்கு வரும்.

ஃபான், ஜொங்ஹாங் பற்றிய கணிப்பு பலித்தது. கடைசிப் பகுதி முழுதாகப் பலிக்கவில்லை. ஜின் நாட்டை ஜாவ் மட்டும் ஆளவில்லை, ஹான், வெய் குடிகளும் சேர்ந்து மூவராகப் பங்கிட்டுக்கொண்டார்கள். அதனாலேயே இந்த உரையாடல் எப்போது எழுதப்பட்டது என்பதையும் ஓரளவு ஊகிக்க முடிகிறது. ஆனால் படையின் வலிமையை உழவனின் வயல் வரப்பிலிருந்து அளக்கத் தொடங்கும் அந்தப் பார்வைதான் இங்கே கவனிக்க வேண்டியது. நூலின் முதல் அதிகாரமும் இதையே வேறுவிதமாகச் சொல்கிறது. போரைத் தீர்மானிக்கும் ஐந்து காரணிகளில் முதலிடம், மக்களும் ஆள்வோரும் ஒரே மனத்தில் இருப்பதற்கு. காலமும் நிலமும் அதற்குப் பின்தான். தளபதி நான்காவது, படைமுறைமை கடைசி.

இரண்டாம் அதிகாரத்தில் கணக்குப் பேரேடு விரிகிறது. ஒரு லட்சம் வீரரை நடத்த நாளொன்றுக்கு ஆயிரம் பொன். படை முகாமிட்ட இடத்தில் விலைவாசி ஏறும். மக்களின் கையிருப்பு கரையும். எதிரி நாட்டில் எடுக்கும் ஒரு படி தானியம், ஊரிலிருந்து சுமந்துவரும் இருபது படிக்குச் சமம். மூன்றாம் அதிகாரத்தில் கோட்டை முற்றுகை. கருவிகள் செய்ய மூன்று மாதம், மண்மேடு எழுப்ப இன்னொரு மூன்று மாதம். அதற்குள் கோபம் தாங்காத தளபதி வீரர்களை எறும்புகளைப் போல மதிலில் ஏறவைத்தால் மூன்றில் ஒருவர் சாவார், கோட்டையும் விழாது. கடைசி அதிகாரத்தில் இன்னொரு கணக்கு: ஒரு லட்சம் பேர் போருக்குப் போனால் ஏழு லட்சம் குடும்பங்களின் உழவு நிற்கிறது. எட்டுக் குடும்பங்களில் ஒன்று ஆள் அனுப்பினால் மற்ற ஏழும் அதைத் தாங்க வேண்டும் என்பதே இந்த எண்ணின் அடிப்படை என்று பின்னாளில் உரை எழுதிய சாவோ சாவோ விளக்குகிறார். அவரே பெரும்படைகளை நடத்தியவர். அந்தச் சுமையின் எடை அவருக்குத் தெரிந்திருக்கும்.

இந்தக் கணக்குகளின் நடுவில் வைத்துப் பார்த்தால்தான், சுன் சூ கேட்கும் குணங்களின் பொருள் விளங்கும். அறிவு, நம்பகம், கருணை, துணிவு, கண்டிப்பு என்ற ஐந்தும் தளபதிக்கு வேண்டும். படை ஓடினாலும் குலைந்தாலும் விழுந்தாலும் வானத்தைப் பழிக்காதே, அது தளபதியின் குற்றம் என்கிறது பத்தாம் அதிகாரம். முன்னேறும்போது புகழை நாடாமல், பின்வாங்கும்போது தண்டனைக்கு அஞ்சாமல், மக்களைக் காப்பது ஒன்றையே கருதுபவனே நாட்டின் செல்வம் என்றும் அங்கேதான் வருகிறது. லியென் போ பின்வாங்கி அமர்ந்தபோது செய்தது இதுதான். அரசரின் கடிதங்கள் வந்துகொண்டே இருந்தும் அவர் அசையவில்லை. சாங்பிங்கின் தோல்வியில் எனக்கு ஜாவ் குவோவைவிடப் பெரிய குற்றவாளியாகத் தெரிபவர் அரசர் சியாவ்செங். இளைஞனுக்குத் தன் எல்லை தெரியவில்லை. அரசரிடமோ இரண்டு சாட்சிகள் நேரில் வந்து சொன்னார்கள்.

சோறு பகிர்ந்தால் நல்ல தலைவர் என்று இங்கேயே முடித்துவிட முடியாது. சுமா சியென் அதற்கு இடம் கொடுப்பதில்லை. அவர் காட்டும் இன்னொரு தாய் நம் நிம்மதியைக் குலைக்கிறார்.

வூ சீ என்ற தளபதி (இறப்பு கி.மு. 381) வெய் நாட்டில் புகழ்பெற்றவர். கடைநிலை வீரன் உண்பதை உண்டார், உடுத்துவதை உடுத்தினார். பாய் விரிக்காமல் படுத்தார், குதிரை ஏறாமல் நடந்தார், தன் தானியத்தைத் தானே சுமந்தார். ஒரு வீரனுக்குப் புண் பழுத்துச் சீழ் கோத்தபோது தம் வாயாலேயே உறிஞ்சி எடுத்தார். செய்தி அறிந்த அவன் தாய் ஓவென்று அழுதார். சாதாரணப் படைவீரனுக்குத் தளபதியே இப்படிச் செய்திருக்கிறார், ஏன் அழுகிறாய் என்று கேட்டார்கள். இவன் தகப்பனுக்கும் இதையே செய்தார், அவர் பின்வாங்காமல் போரிட்டு எதிரி கையில் செத்தார், இப்போது இவன் எந்த இடத்தில் சாவான் என்று தெரியவில்லை என்றார் அந்தத் தாய்.

வூ சீயின் அன்பு பொய்யா? மருந்தில்லாத முகாமில் சீழை உறிஞ்சுவது உயிரைக் காப்பாற்றும் செயல்தான். அதே செயல் அந்த உயிரைக் கடனாளியாக்கி, பிறகு வசூலிக்கவும் செய்கிறது. இதே மனிதர் முன்பு லூ நாட்டின் நம்பிக்கையைப் பெற, பகைநாட்டில் பிறந்த தன் மனைவியைக் கொன்றவர் என்றும் சுமா சியென் பதிவுசெய்கிறார். ஆற்றில் படகில் போகும்போது, மலையும் ஆறும் எவ்வளவு நல்ல அரண் என்று வெய் அரசர் வியந்தபோது, அரண் அறத்தில்தான் இருக்கிறது, அது இல்லாவிட்டால் இந்தப் படகில் இருப்பவர்களே உங்கள் எதிரிகள் என்று அரசரிடம் சொன்னவரும் இவரே. கடைசியில் சூ நாட்டுக்குப் போய்ப் பிரபுக்களின் சலுகைகளை வெட்டினார். அவரை ஆதரித்த அரசர் இறந்த அன்றே அவர்கள் வில்லோடு வந்தார்கள். வூ சீ ஓடிப்போய் அரசரின் உடல்மேல் விழுந்தார். அவர் மேல் பாய்ந்த அம்புகள் அரசரின் உடலிலும் தைத்தன. அந்தக் குற்றத்துக்காகப் புதிய அரசர் எழுபதுக்கும் மேற்பட்ட குடும்பங்களை அழித்தார். செத்துக்கொண்டே வென்ற தந்திரம் அது. அரசரிடம் அறத்தைப் பேசியவர் சூ நாட்டில் கடுமையாலும் இரக்கமின்மையாலும் உயிரிழந்தார் என்று சுமா சியென் தீர்ப்பு எழுதுகிறார்.

அந்தத் தீர்ப்பை எழுதிய கை சாதாரணக் கை அல்ல. கி.மு. 99இல் லி லிங் என்ற தளபதி 5,000 காலாட்களோடு வடக்கே சியோங்னு குதிரைப்படையிடம் சிக்கி, அம்புகள் தீரும்வரை போரிட்டு, உதவிப்படை வராமல் சரணடைந்தார். நேற்றுவரை அவரைப் புகழ்ந்த அரசவை அன்று தூற்றியது. சுமா சியென் மட்டும் அவருக்காகப் பேசினார். லி லிங் சுவையானதைத் தான் உண்ணாமல், கொஞ்சமாக இருந்ததைப் பங்கிட்டு, வீரர்களின் உயிரார்ந்த உழைப்பைப் பெற்றவர் என்பது அவர் வாதம். பேரரசர் வூ அதை அவமதிப்பாக எடுத்துக்கொண்டார். சுமா சியெனுக்குக் கிடைத்த தண்டனை விரைநீக்கம். அந்த உடலோடுதான் அவர் தன் வரலாற்றை எழுதி முடித்தார். ஜாவ் குவோவின் தாய் சொன்ன அளவுகோலும் இவர் லி லிங்குக்காகச் சொன்ன அளவுகோலும் ஒன்றே என்பதைக் கவனியுங்கள். உண்மையைச் சொல்கிறவரை அரசர் என்ன செய்கிறார் என்ற கேள்வி அவருக்கு நூலறிவாக மட்டும் வந்ததில்லை.

போர்நூல்களுக்குள்ளேயே இருக்கும் இருட்டையும் மறைக்கக் கூடாது. சுன் சூவின் பதினோராம் அதிகாரம், வீரர்களைத் திரும்ப வழியில்லாத இடத்தில் கொண்டுபோய் நிறுத்து, ஏறிய பின் ஏணியை எடுத்துவிடு, ஆட்டு மந்தையைப்போல ஓட்டு, எங்கே போகிறோம் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டாம் என்கிறது. வீரனைக் குழந்தைபோல் நேசிக்கச் சொல்லும் பத்தாம் அதிகாரத்துக்குப் பக்கத்திலேயே இது இருக்கிறது. இரண்டையும் இசைவாக்கிக் காட்ட உரையாசிரியர்கள் பாடுபட்டிருக்கிறார்கள். எனக்கு அந்த இசைவு தெரியவில்லை. போர் என்ற காரியத்திலேயே இருக்கும் முரண் அது. நூல் அதை ஒளிக்காமல் வைத்திருக்கிறது.

இதை அக்காலத்திலேயே எதிர்த்துப் பேசியவர் உண்டு. கன்பூசிய மரபின் பெரும் சிந்தனையாளரான ஷூன் குவாங், லின்வூ பிரபு என்பவரோடு போர் குறித்து வாதிட்டது அவர் நூலில் ஓர் அதிகாரமாக இருக்கிறது. வாதம் நடந்த அவை, ஜாவ் அரசர் சியாவ்செங்கின் அவை. சாங்பிங்குக்கு ஜாவ் குவோவை அனுப்பிய அதே அரசர். காலத்தையும் இடத்தையும் பற்று, எதிரிக்குப் பின் கிளம்பி எதிரிக்கு முன் போய்ச் சேர், சுன் சூவும் வூ சீயும் இப்படித்தான் வென்றார்கள் என்கிறார் லின்வூ. மக்களைத் தன்னோடு ஒன்றாக்குவதே போரின் வேர், தந்திரம் சோம்பிய, களைத்த படைகளிடம்தான் பலிக்கும் என்கிறார் ஷூன் குவாங். பிறகு தளபதிகளுக்கு வருகிறார். அரசாணையை மறுக்க மூன்று இடங்கள் உண்டு, கொன்றாலும் சரி: படையைப் பாதுகாப்பற்ற நிலையில் நிறுத்தச் சொன்னால், வெல்ல முடியாத எதிரியைத் தாக்கச் சொன்னால், பொதுமக்களை வஞ்சிக்கச் சொன்னால். முதல் இரண்டும் சுன் சூவிடமும் ஏதோ ஒரு வடிவில் உண்டு. மூன்றாவதுதான் ஷூன் குவாங்கின் சேர்க்கை, என் பார்வையில் சீனப் போர்ச் சிந்தனையின் உச்சம்.

நூல் படித்தவன் தோற்ற கதை சாங்பிங் என்றால், நூல் படித்தவர் வென்ற கதை கி.மு. 204இல், அதே பழைய ஜாவ் மண்ணில் நடந்தது. ஹான் சின், பேரரசராகப் போகும் லியூ பாங்கின் தளபதி. ஜிங்சிங் என்ற குறுகிய கணவாய் வழியாக வருகிறார். எதிரே ஜாவ் தரப்பில் சென் யூ. அவரிடமிருந்த லி சுவோசெ என்ற ஆலோசகர், இரண்டு தேர் இணையாகப் போக முடியாத பாதை இது, பின்னால் வரும் தானியத்தை நான் 30,000 பேரோடு போய் அறுத்துவிடுகிறேன், நீங்கள் இங்கே அரணுக்குள் இருங்கள் என்றார். அறப்படை தந்திரம் செய்யாது என்று சென் யூ மறுத்துவிட்டார். அந்த மறுப்பை ஒற்றர் வழியாக உறுதிசெய்துகொண்ட பிறகே ஹான் சின் கணவாய்க்குள் நுழைந்தார்.

ஒரு பகுதிப் படையை ஆற்றுக்கு முதுகு காட்டி நிறுத்தினார். ஜாவ் படை அதைப் பார்த்துச் சிரித்தது. 2,000 குதிரைவீரர்கள் ஆளுக்கொரு சிவப்புக் கொடியோடு மலைமறைவில் காத்திருந்தார்கள். ஜாவ் படை அரணைவிட்டு வெளியேறி ஆற்றங்கரைப் படையைத் தாக்கியது. பின்வாங்க இடமில்லாத அவர்கள் உயிரைக் கொடுத்துப் போரிட்டார்கள். அதற்குள் காலியான அரணில் 2,000 சிவப்புக் கொடிகள் ஏறிவிட்டன. அதைக் கண்டதும் ஜாவ் படை குலைந்தது. வெற்றிக்குப் பின் அதிகாரிகள், ஆறு பின்னால் இருக்கக் கூடாது என்றுதானே நூல் சொல்கிறது என்று கேட்டார்கள். இதுவும் நூலில் இருக்கிறது, நீங்கள் கவனிக்கவில்லை என்றார் ஹான் சின். பழக்கமில்லாத இந்த வீரர்களைத் தப்ப வழியுள்ள இடத்தில் நிறுத்தியிருந்தால் ஓடிப்போயிருப்பார்கள். நான் மேலே குறைசொன்ன பதினோராம் அதிகாரத்தைத்தான் அவர் பயன்படுத்தினார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

போர் முடிந்ததும் அவர் செய்த முதல் காரியங்களில் ஒன்று, லி சுவோசெயைக் கொல்லக் கூடாது, உயிரோடு பிடித்து வருபவருக்கு ஆயிரம் பொன் என்று அறிவித்தது. கைதியைக் கட்டிக் கொண்டுவந்தார்கள். ஹான் சின் கட்டை அவிழ்த்தார். கிழக்கு நோக்கிய இருக்கையில் அவரை அமர்த்தினார். தான் மேற்கு நோக்கி அமர்ந்து, ஆசிரியரிடம் மாணவன் கேட்பதுபோல, அடுத்து வடக்கே யென் நாட்டை எப்படி அணுகுவது என்று கேட்டார். தோற்றவனுக்குப் பேசும் தகுதி இல்லை என்று லி சுவோசெ தயங்கினார். உங்கள் யோசனையைச் சென் யூ கேட்டிருந்தால் நான்தான் கைதியாகியிருப்பேன் என்றார் ஹான் சின். உங்கள் வீரர்கள் களைத்திருக்கிறார்கள், இப்போது போனால் யென் கோட்டைகளின் அடியில் மாட்டிக்கொள்வீர்கள், இங்கேயே ஓய்வெடுத்து மக்களைத் தேற்றிவிட்டு, யெனுக்குத் தூதர் ஒருவரை மட்டும் அனுப்புங்கள் என்றார் லி சுவோசெ. அப்படியே செய்தார்கள். யென் போரில்லாமல் பணிந்தது.

ஜாவ் குவோ முன்னால் அதிகாரிகளால் தலைநிமிர முடியவில்லை. அதனால் எதிரி நடிக்கிறான் என்று தோன்றியிருந்தாலும் சொல்ல அங்கே ஆளில்லை. ஹான் சின்னிடம் நேற்றைய எதிரியே உண்மையைச் சொல்ல முடிந்தது. வீரர்கள் களைத்திருக்கிறார்கள் என்ற அந்த ஒரு வாக்கியம் எத்தனை உயிர்களைக் காத்தது என்று எண்ணிப் பார்க்கலாம். இருவரும் ஒரே மரபின் நூல்களைப் படித்தவர்கள். கேட்கத் தெரிந்ததுதான் அவர்களுக்கு இடையிலான தூரம்.

அறம் கடைசியில் வென்றது என்று இந்த வரலாற்றை முடித்துவைக்க வழியில்லை. ஹான் சின்னை, அவர் உருவாக்க உதவிய பேரரசே கி.மு. 196இல் கொன்றது. சாங்பிங்கில் வென்ற சின் நாடு கி.மு. 221இல் சீனத்தை ஒன்றாக்கியது. ஆனால் படுகொலைக்கு அது கொடுத்த விலையும் உண்டு. சாங்பிங்கை அடுத்து ஜாவ் தலைநகர் ஹான்தானை முற்றுகையிட்டபோது, சரணடைந்தாலும் சாவுதான் என்று அறிந்த மக்கள் விடாமல் எதிர்த்தார்கள், அண்டை நாடுகள் உதவிக்கு வந்தன, சின் பின்வாங்கியது. இந்த முற்றுகை பலிக்காது என்று சொல்லித் தலைமை ஏற்க மறுத்தவர் பாய் சீயே. அதற்காக அவரைத் தற்கொலை செய்துகொள்ள ஆணையிட்டார் சின் அரசர். வாளைக் கையில் வாங்கிய பாய் சீ, சரணடைந்தவர்களைச் சாங்பிங்கில் கொன்றதற்கு இந்தச் சாவு தகும் என்று சொல்லி இறந்தார் என்கிறார் சுமா சியென். கைதிகளை நன்றாக நடத்து, நாட்டையும் படையையும் சிதைக்காமல் கைக்கொள்வதே மேல் என்று சுன் சூ எழுதியிருந்தது அவருக்கும் தெரியாமல் இருந்திருக்காது.

சொங் பேரரசு 1080இல் சுன் சூ, வூ சீ உள்ளிட்ட ஏழு போர்நூல்களைத் தொகுத்து ராணுவத் தேர்வுக்குப் பாடமாக்கியது. 1772இல் பெய்ஜிங்கில் வாழ்ந்த இயேசு சபைத் துறவி ஆமியோவின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு வழியாகச் சுன் சூ ஐரோப்பாவுக்குப் போனார். இன்று மேலாண்மை வகுப்புகளிலும் தேர்தல் ஆலோசகர்களின் மேசைகளிலும் இருக்கிறார். ஆனால் அங்கே போகும்போது ஏமாற்று, வேகம், திடீர்த் தாக்குதல் ஆகியவை மட்டும் போகின்றன. வரியும் வயலும் தானிய வண்டியும் வழியில் உதிர்ந்துவிடுகின்றன. போட்டியாளரை வீழ்த்தும் வழி தேடி அந்த நூலை எடுக்கும் ஒவ்வொருவரும், தந்திரங்கள் வரும் இடத்துக்குப் போகும் முன் இரண்டாம் அதிகாரத்தையும் பதின்மூன்றாம் அதிகாரத்தின் தொடக்கத்தையும் நிதானமாகப் படிக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். எதிரியின் நிலையை அறியப் பொன் செலவழிக்கக் கஞ்சத்தனப்பட்டு, ஏழு லட்சம் குடும்பங்களை வருடக்கணக்கில் வாட்டுபவன் தளபதியே அல்ல என்று சுன் சூ சினந்து எழுதியிருப்பது அங்கேதான்.